கிரேன்காரர் வீட்டு பிரஷர் மெஷின்

மருந்துக் கடைக்குள் நுழைந்ததுமே அவர் கைக்கடிகாரம் மாதிரி பளபளத்த ஒரு மெஷின் பக்கம் சாய்ந்துவிட்டார். மணிக்கட்டில் மாட்டிப் பட்டனைத் தட்டினால் பிரஷர் எவ்வளவு என்று சொல்லிவிடுமாம். மாட்டிக்கொண்டு கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முதல் சம்பளத்தில் வாட்ச் வாங்கியபோதும் இதே மாதிரிதான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க, கேட்காதவர்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு மணி சொன்ன மனுஷன்.

"இது எனக்கு எடுப்பா இல்ல?"

"ஆமா, மாப்பிள்ளை பாக்க வர்றாங்க, போட்டுக்கிட்டு நில்லுங்க," என்றாள் அவள். "கழட்டி வைங்க. மேல் கையில கட்டுற மெஷின்தான் வாங்கணும்னு உங்க பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கா."

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் காலையிலிருந்து மூன்று தடவை போன் போட்டிருந்தாள். மூன்று தடவையும் ஒரே பாட்டு. மணிக்கட்டு மெஷின் வேண்டாம், கையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி வைத்தாலே நம்பர் மாறிவிடும். மேல் கையில் சுற்றும் பட்டை வைத்தது வாங்கு. பட்டை அப்பா கைக்குச் சரியாக இருக்க வேண்டும், இறுக்கமாக இருந்தால் இல்லாத பிரஷரைக் காட்டும். எடுத்ததையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்கிற மெஷினாகப் பார்.

கடைக்காரம்மா இஞ்சு டேப்பை எடுத்து வந்தார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு எடுக்க வேண்டுமாம். அவ்வளவுதான், அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, முஷ்டியை மடக்கி, கையை முறுக்கிக் காட்டினார்.

"முப்பத்தேழு சென்டிமீட்டர்," என்றார் கடைக்காரம்மா. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், பயில்வான் போட்டிக்கா அளவு எடுக்கிறோம்? கைய தொங்கப் போடுங்க," என்றார்.

தொங்கப் போட்டதும் முப்பத்துமூன்று ஆனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் விறைப்பாகச் சுவரில் இருந்த இருமல் மருந்து விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

சிரித்தாளே தவிர, விஷயம் சிரிக்கிற விஷயமில்லை. இரும்புச் சட்டங்களைத் தூக்கி நிறுத்தும் பெரிய யார்டில் அவருக்கு வேலை. அங்கே இருப்பதிலேயே உயரமான கிரேனை ஓட்டுவது அவர்தான். கேபினில் ஏறி உட்கார்ந்தால் கீழே இருப்பவர்களுக்குத் தலை மட்டும்தான் தெரியும். அதனால் யார்டில் அவருக்கு மேகம் என்று பெயர். கிரேன் ஓட்டுகிறவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் உடம்பைக் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஏணியில் கால் வைக்கவே முடியாது. இந்தத் தடவை மேகத்துக்குப் பிரஷர் நூற்றைம்பத்தெட்டு.

"சில பேருக்கு என் மூஞ்சிய பாத்தாலே ஏறும்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஒரு வாரம் வீட்டுல காலையும் சாயங்காலமும் எடுங்க. நூத்தி முப்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தா கையெழுத்துப் போடுறேன். இல்லனா மாத்திரை ஆரம்பிக்கணும், கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் கீழதான் வேலை."

மாத்திரை போட்டு, கட்டுக்குள் வந்து, மறுபடி சீட்டு வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் அந்த நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தவனை யார் எழுப்புவார்கள்? இதைச் சொன்னபோது அவர் குரல் ஒரு மாதிரி இறங்கிப் போயிருந்தது.

கீழே என்றால் கருவிகளைக் கொடுத்து வாங்கி வைக்கும் டூல் ரூம். அங்கே ஒரு ஆள் குறைகிறது. அங்கேதான் அவளும் வேலை பார்க்கிறாள்.

மெஷினைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது கடைக்காரம்மா சொன்னார். "டீ குடிச்சு அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும். பாத்ரூம் போயிட்டு வந்துடணும். முதுகு சாஞ்சிருக்கணும், கால் மேல கால் கூடாது, கை மேசை மேல நெஞ்சு உயரத்துக்கு இருக்கணும். அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்துட்டு அப்புறம்தான் பட்டன். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை எடுங்க. முக்கியமா, பேசவே கூடாது."

"யாரு?" என்றார் அவர்.

"ரெண்டு பேருமே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடக்கிற காரியமா இது?

முதல் நாள் நடக்கவில்லைதான். சாப்பாட்டு மேசையில் கையை வைத்து, முழங்கைக்குக் கீழே மடித்த துண்டை வைத்து, பட்டையைச் சுற்றி, எல்லாம் சரியாகத்தான் செய்தாள். மெஷின் ர்ர்ர் என்று காற்றை ஏற்ற ஆரம்பித்ததும் அவர் நேரடி வர்ணனையில் இறங்கிவிட்டார்.

"ஏறுது பாரு... நூறு தாண்டிருச்சு... ஏய் விசிலு, கை மரத்துப் போகுதுடி..."

"பேசாதீங்க!"

"நீ ஏன் பேசுற?"

"நீங்க பேசுறதாலதான் நான் பேசுறேன்!"

நூற்று அறுபத்தொன்று வந்தது. வாயால் வந்த நம்பர், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவானது. முதல் நாள் எடுத்ததை டாக்டரும் பார்ப்பதில்லை என்று மகள் சொன்னது வசதியாகப் போயிற்று.

மறுநாளிலிருந்து இருவரும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. பிரிட்ஜ் முனகுவது கேட்டது. பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் ஓடி ஓடி நிற்பது கேட்டது. இந்தச் சத்தமெல்லாம் தினமும் இருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வாய் சும்மா இருந்ததால் மனசு அதுபாட்டுக்குக் கிளம்பிப் பின்னால் போயிற்று.

யார்டில் அவள் சேர்ந்தபோது டூல் ரூமுக்கு வரவில்லை. சைகை காட்டுகிற வேலை. கிரேனில் இருப்பவருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது, சத்தம் போட்டாலும் கேட்காது. கழுத்தில் ஒரு விசில், இன்றைக்கும் அவர் கூப்பிடுகிற பெயர் அதிலிருந்து வந்ததுதான். கையில் தோல் உறை. விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு, கையைப் பக்கவாட்டில் நீட்டி வீசினால் நிறுத்து. அப்போது அவளுக்கு இவரைத் தெரியாது. மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு தலை. முதல் வாரம், அவள் தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டின் மேல் அந்தத் தலை ஒரு பெரிய சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தது. குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி வைத்தது. அவள் அண்ணாந்து பார்த்து, எந்த விதியிலும் இல்லாத ஒரு சைகை காட்டினாள். பெருவிரலை உயர்த்தி, கூடவே ஒரு சிரிப்பு. மேலிருந்து ஹார்ன் அடித்தது. மேஸ்திரி ஓடிவந்து, எதுக்குடா ஹார்ன், என்ன ஆபத்து என்று கத்தினார்.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்கி வராத மனுஷன். சின்னக் கொக்கியில் ஒரு தூக்குப் பாத்திரத்தை மாட்டிக் கீழே விடுவார். அவள் டீயை ஊற்றி மாட்டிவிடுவாள். பாத்திரம் ஆடாமல் அசையாமல் மேலே போகும். ஒரு நாள் காலிப் பாத்திரத்துக்குள் துண்டுச் சீட்டு வந்தது. 'சர்க்கரை பத்தல' என்று எழுதியிருந்தது. அவள் எழுதி அனுப்பினாள்: 'எறங்கி வந்து போட்டுக்கோங்க.' அன்றைக்குத்தான் முதல்முறையாக மதியத்தில் இறங்கி வந்தார். யார்டே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"அஞ்சு நிமிஷம் ஆச்சா?" என்றார் அவர்.

"பேசிட்டீங்கல்ல? மறுபடியும் முதல்லேருந்து."

அமைதியாக எடுத்துமே நூற்றைம்பத்தாறு. மறுநாள் காலையில் நூற்றைம்பத்துநாலு. உப்பைக் குறைத்தாள், டீயைத் தள்ளிப் போட்டாள், கையின் கீழே இருந்த துண்டை மாற்றி மாற்றி மடித்தாள். நம்பர் அசைந்து கொடுக்கவில்லை. அவர் முகம் நாளுக்கு நாள் தொங்கிக்கொண்டே போனது.

அன்று சாயங்காலம் அவள் மூக்குக்கண்ணாடியைச் சமையலறையில் மறந்துவிட்டாள். மெஷினின் எழுத்து மங்கலாகத் தெரிந்ததால், தினமும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தவள் அன்றைக்கு அவரைப் பார்த்தாள்.

ர்ர்ர் என்று மெஷின் மோட்டார் ஓடத் தொடங்கியது. பட்டை கட்டிய இடது கை பதவிசாகத் துண்டின் மேல் படுத்திருந்தது. தொடை மேல் இருந்த வலது கை மெல்ல மடங்கியது. விரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக, இல்லாத ஒரு கைப்பிடியைச் சுற்றி வளைத்து இறுக்கின. விரல் முட்டிகள் வெளுத்துப் போகிற இறுக்கம். வலது கால் தரையில் ஒரு மிதியை அழுத்துவது மாதிரி அழுத்தியது. பட்டையிலிருந்து காற்று முழுக்க இறங்கிப் புஸ் என்று அடங்கியதும் கை விட்டது, கால் விட்டது.

மனுஷன் பாரம் தூக்குகிறார்! மோட்டார் சத்தம் கேட்டதும் அவர் கை லீவரைப் பிடித்துவிடுகிறது, கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. இத்தனை வருஷப் பழக்கம். இப்படி இறுக்கிப் பிடித்தால் யாருக்குத்தான் ஏறாது? டாக்டரிடமும் இதே மோட்டார், இதே பிடிதான் இருந்திருக்க வேண்டும்.

சொல்ல வாயைத் திறந்தாள்.

"நூத்தி அம்பத்தஞ்சு," என்று அவரே படித்தார். பட்டையைப் பிரித்துக்கொண்டே, "சரி விடு. டூல் ரூம்ல உன் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வை. நானும் வந்துடறேன்," என்றார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

ஏன் மூடியது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு மழைக்காலத்து மதியம் திடீரென்று காற்று சுழன்றடித்தபோது, அந்தக் கண்ணாடிப் பெட்டி அங்கேயும் இங்கேயும் ஆடுவதைக் கீழே நின்று பார்த்தவள் அவள். விசில் ஊதவும் மூச்சு வரவில்லை. அவர் சாவகாசமாக இறங்கி வந்து, "ஊஞ்சல் நல்லா இருந்துச்சு," என்றார். அன்றிலிருந்து வானம் கறுத்தால் அவள் அண்ணாந்தபடியே நிற்பாள். மகள் பிறந்த பிறகு டூல் ரூமுக்கு மாற்றல் வாங்கியதுகூட அண்ணாந்து பார்க்காமல் இருக்கத்தான். இப்போது மனுஷன் தானாக இறங்கி வருகிறார். பக்கத்தில் நாற்காலி. ஒன்றாகச் சாப்பிடலாம். அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்கத்தானே அந்த மெஷினும் சொல்கிறது?

மறுநாள் காலையும் அந்தக் கை மடங்கியது. அவள் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கும் மறுநாள் சாயங்காலம் அவர் ஒரு பையோடு வந்தார். கேபினில் இருந்த சாமான்களைக் கொண்டுவந்துவிட்டார். உட்கார்ந்து உட்கார்ந்து அப்பளமாகிப்போன குஷன், கண்ணாடி துடைக்கும் துணி, பின்பக்கம் பார்க்க மாட்டியிருந்த குட்டிக் கண்ணாடி, பழைய தூக்குப் பாத்திரம். மேசை மேல் ஒவ்வொன்றாக வைத்தார். புலம்பவில்லை. புலம்பியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எதுக்கு இப்பவே தூக்கிட்டு வந்தீங்க? வாரம் இன்னும் முடியலையே."

"முடிஞ்சா மட்டும் மாறிடுமா? வேற எவனாவது தூக்கிப் போடுறதுக்கு நானே எடுத்துட்டு வந்துட்டேன்." குஷனைத் தட்டினார், தூசி பறந்தது. "உனக்கு ஞாபகம் இருக்கா, அந்தப் பனி நாளு? ரெண்டு தூணுக்கு நடுவுல சட்டத்த எறக்கணும். எனக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. வெள்ளையா இருக்கு. உன் கை மட்டும் தெரியுது."

"எப்படி மறக்கும்? மேஸ்திரி வேணாம்னு கத்துனாரே."

"அவரு கத்துனாரு. நீ எறக்குனு காட்டுன. நான் எறக்குனேன். அப்புறம் எல்லாப் பயலும் வந்து கேக்குறான், எப்படி மேகம் தைரியமா எறக்குனனு. நான் என்ன தைரியத்தக் கண்டேன்? அவ காட்டுனா, எறக்குனேன், அவ்வளவுதான்னேன். எனக்கு இன்னைக்கும் அப்படித்தான். நீ காட்டுனா நான் யோசிக்கவே மாட்டேன்."

அன்றைக்குப் பனிக்குள் நின்றபோது தனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கையை மட்டும் ஆடாமல் பார்த்துக்கொண்டாள். தூணுக்கும் சட்டத்துக்கும் இருந்த இடைவெளியைக் கண்ணில் ரத்தம் கட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்து, உள்ளதை உள்ளபடி காட்டினாள். அதை நம்பித்தான் ஒரு மனுஷன் யோசிக்காமல் இறக்கினார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையை மேசை மேல் நீட்டினார். "கட்டு. இன்னைய கணக்கையும் முடிச்சுடுவோம்."

அவள் பட்டையை எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள்.

"என்னங்க, மெஷின் ஓடும்போது உங்க வலது கை என்ன பண்ணுதுனு என்னைக்காவது பாத்தீங்களா?"

"என்ன பண்ணுது?"

"லீவர புடிக்குது. காலு பிரேக்க மிதிக்குது. மோட்டார் சத்தம் வந்ததும் நீங்க பாரம் தூக்க ஆரம்பிச்சுடுறீங்க. அதனாலதான் ஏறுது."

அவர் தன் வலது கையை, யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்ட கையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"இத எப்ப பாத்த?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் என்று ஒரு வார்த்தை போதும்.

"முந்தாநாளு."

பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அவர் குஷனின் நூல் பிரிந்த மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி, கட்டு," என்றார் கடைசியில்.

கட்டினாள். ஐந்து நிமிஷமும் அவள் கண் தரையிலேயே இருந்தது. அப்புறம் பட்டனை அழுத்தினாள். மோட்டார் ஓடியது, கை பாய்ந்து போய் இல்லாத லீவரைப் பிடித்தது. அவரே அதைப் பார்த்தார். விரித்தார். மறுபடி மடங்கியது. தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார், அங்கேயும் இறுகியது.

"என் பேச்ச கேக்க மாட்டேங்குதுடி! சத்தம் வந்தா தானா போவுது, நான் என்ன பண்ண?"

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தரும் அப்படித்தான், யார் பேச்சையும் கேக்க மாட்டாரு," என்றாள். சொல்லிவிட்டு எழுந்தாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் போய், அவர் கண்ணுக்கு நேராக நின்றாள். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டாள்.

யார்டு சைகைகளில் அதிகம் தேவைப்படாத ஒன்று அது. எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தி வை, லீவரிலிருந்து கையை எடு, நான் சொல்லும்வரை சும்மா இரு என்று அர்த்தம். அதைக் காட்டினால் கிரேன்காரர் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அவரே பட்டனைத் தட்டினார், மோட்டார் மறுபடி ஓடியது. வலது கை ஒரு துடிப்புத் துடித்தது. அவர் கண் அவள் கோத்த கைகளைவிட்டு நகரவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, உள்ளங்கை மேலே பார்க்க மடியில் மலர்ந்து கிடந்தது. கால் தரையில் லேசாக இருந்தது. காற்று இறங்கி அடங்கியது.

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலை இடித்துக்கொண்டது. நூற்று முப்பத்திரண்டு.

"இன்னொண்ணு எடு!"

"ஒரு நிமிஷம் போகட்டும், பறக்காதீங்க."

அடுத்தது நூற்று முப்பத்துநாலு. பறந்ததற்கு ஏறிய இரண்டு என்று அவள் சொன்னாள்.

அதற்கப்புறம் காலையும் சாயங்காலமும் அவர் நாற்காலியில், அவள் எதிரே கைகோத்துக்கொண்டு. கோத்த கைகளோடு ஐந்து நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதில் முதலில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்துக்கொண்டதே இல்லை. அவர் புருவத்தில் எப்போது இவ்வளவு நரை வந்தது? கண் மட்டும் மாறவில்லை. சர்க்கரை பத்தல என்று இறங்கி வந்த அன்றைக்குப் பார்த்த அதே திருட்டு முழி.

டாக்டர் மெஷினை வாங்கி, உள்ளே இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இதுவரைக்கும் எல்லாம் ஏறி இருக்கு, அப்புறம் திடீர்னு எறங்குது. நடுவுல யார் கைய மாத்தி வச்சீங்க?"

அவர் விளக்கினார். டாக்டர் நம்பவில்லை. "எங்க, என் முன்னாடி எடுங்க பாப்போம்." அவள் எழுந்து எதிரே போய்க் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த நர்ஸ் ஓடிவந்து அவள் தோளைத் தொட்டாள்.

"அம்மா, எதுக்கு இவ்வளவு பயப்படுறீங்க? சும்மா பிரஷர்தான் பாக்குறோம். உக்காருங்க, ஒண்ணும் ஆகாது."

"ஐயையோ, அவள அசைக்காதீங்க!" என்று கத்தினார் அவர். அந்தத் தடவை நூற்று நாற்பத்தாறு வந்தது. டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நர்ஸை வெளியே அனுப்பி, ஐந்து நிமிஷம் கழித்து டாக்டரே எடுத்தார். நூற்று முப்பத்துமூன்று.

"கையெழுத்துப் போடுறேன். ஆனா ஓரத்துல நிக்குது, அதனால ஆறு மாசத்துக்குத்தான். வீட்டுல எடுக்கறத நிறுத்தாதீங்க."

பஸ் நிறுத்தத்தில் அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். மெஷின் பையை அவள் மடியில் வைத்திருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு நான் கீழ வரணுமா?" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா."

"அப்ப ஏன் சொன்ன?"

"சொல்லாம இருக்க முடியல. இருக்கறத இல்லனு காட்டுறதுக்கு எனக்குக் கை வரல."

ஒரு பஸ் வந்தது. அவர்கள் பஸ் இல்லை. போனது.

"ஆறு மாசம் ஓட்டிக்கிறேன்," என்றார். "அப்புறம் நம்பர் என்னவா இருந்தாலும் சரி, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி உன்கிட்ட கேக்குறேன். நீ எறங்குனு சொன்னா எறங்கிடுறேன்."

"நான் சொல்லி என்னைக்கு நீங்க கேட்டிருக்கீங்க?"

"யார்டுல கேக்கலையா?"

"வீட்டுல?"

"வீட்டுல நீ வாயால இல்ல சொல்ற!"

அவள் மெஷின் பையாலேயே அவர் தோளில் ஒன்று போட்டாள். "மெஷினு, மெஷினு!" என்று அவர் பதறிப் பையைப் பிடுங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், ஆறு மாசம் கழித்து வருகிற மழைக்காலத்தைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தாள். வழக்கமாகக் குறுக்கே பேசுகிறவர் அன்றைக்கு வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.